இழுக்காத விசை

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், சுடுகாடு வேண்டும் என்பார்கள். இதில் இரண்டும் இல்லை. பட்டப்பகல். பிற்பகல் மூன்று பத்து. தலைக்கு மேல் இரண்டு டியூப்லைட். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. அனுபவித்தவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் துப்பாக்கிகளைப் பராமரிப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் எண்ணெய்க்காரர். "ஊர்த் துப்பாக்கிக்கெல்லாம் எண்ணெய் போடுறாரு, வீட்டுக் கதவு மட்டும் கத்திக்கிட்டே கிடக்கு" என்று மனைவி குத்திக்காட்டுவாள். ரிவால்வரின் உள்ளே ஊசிமுனையில் நிற்கும் ஒரு சொட்டு போதும். கூடினால் தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். பிசுக்கு ஏறினால், விசையை இழுத்ததும் தோட்டாவை அடிக்கும் ஹாமர் தயங்கும், தோட்டா வெடிக்காது. இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இரண்டு வருடத்துக்கு முன், அவருடைய தங்கையின் கணவர் ஒரு வங்கி வாசலில் சுடப்பட்டு இறந்தார். அவரும் அதே கம்பெனிக் காவலாளிதான். சுட்டது கொள்ளையடிக்க வந்த பதினெட்டு வயதுப் பையன். மாப்பிள்ளையின் கையிலும் ரிவால்வர் இருந்தது. ஆறு தோட்டாவும் அப்படியே இருந்தன.

"இழுத்த மாதிரிதான் தெரிஞ்சுது. வெடிக்கல" என்றான் கூட நின்ற காவலாளி.

அதற்கு முந்தைய வாரம் அந்த ரிவால்வரைக் கழற்றி எண்ணெய் போட்டவர் எண்ணெய்க்காரர்.

உடலருகே உட்கார்ந்திருந்த தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். "நீதானேண்ணா எண்ணெய் போட்ட?" அதோடு பேச்சு நின்றுபோனது.

வழக்கு முடிந்து ரிவால்வர் திரும்பி வந்தது. துணிப் பொட்டலம், அரக்கு முத்திரை. அவர் அதை எடுத்துக்கொண்டு ஆயுத அறைக்குள் போய், விதிப்படி கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டார்.

3.10. பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே பிசுக்கு இருந்தால், தங்கை தாலியை அறுத்தது அவர்தான்.

தகடு விலகியது.

பிசுக்கு இல்லை. தூசி இல்லை. எண்ணெய் இன்று காலையில் போட்டதுபோல் மினுங்கியது.

ஹாமரைத் தள்ளும் தட்டை ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்தார். விரலில் பட்டது. இளஞ்சூடு. ஏசி ஓடும் அறையில் இரும்பு எப்படிச் சுடும்... யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததுபோல...

மனதைத் திடப்படுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் பொருத்தினார். அச்சுக்கு ஒரு சொட்டு. தகட்டை மூடினார். மணி 3.31.

காலி ரிவால்வரைச் சுவர்ப்பக்கம் நீட்டி விசையை இழுத்துப் பார்த்தார். டக். ஆறு தடவை. ஒரு குறையும் இல்லை.

மேசையில் வைத்தார்.

டக்.

அவர் தொடவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஷூ தேய்கிற சத்தம்... மாப்பிள்ளையின் நடை.

திரும்ப முடியவில்லை.

"மச்சான்..."

மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"நான் இழுக்கவே இல்ல, மச்சான்."

3.32. பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. அறையில் யாரும் இல்லை. எண்ணெய்க்காரர் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஆபீஸ் கிளார்க் ஒரு கவரை நீட்டினார். "பொட்டலத்தோடயே வந்திருக்கணும். தபால்ல லேட்டாயிடுச்சு."

உள்ளே ஆய்வுக்கூட அறிக்கையும் ஒரு சின்ன உறையும். முதல் பக்கத்தில் இருந்தது: தோட்டாக்களில் ஹாமர் பட்ட லேசான தழும்புகூட இல்லை, உள்பாகங்களில் எந்தக் கோளாறும் இல்லை, விசை இழுக்கப்படவில்லை.

அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தார். அதிசயமாக எடுத்தாள்.

"மாப்பிள்ளை இழுக்கவே இல்லம்மா. ரிப்போர்ட்ல போட்டிருக்கு."



"தெரியும்ணா. ஒரு சின்னப் பையனைப் பார்த்து அவர் சுடுவாரா?"

"அப்புறம் ஏன் எங்கிட்ட பேசாம இருந்த?"

"செத்தவர்மேல கோபப்பட முடியலண்ணா. உன்மேல பட்டேன்."

இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். 'பரிசோதனைக்காகக் கழற்றப்பட்ட ஹாமர் ஸ்பிரிங், ரிவால்வரில் மீண்டும் பொருத்தப்படாமல், தனி உறையில் அனுப்பப்படுகிறது.'

சின்ன உறையின் முத்திரை உடையவில்லை. அதன்மேல் இருந்த தேதி இரண்டு வருடம் பழையது. கிழித்தார்.

ஸ்பிரிங்.

ஆயுத அறைக்கு ஓடினார். தகட்டைக் கழற்றினார்.

அன்று அவர் பொருத்திய ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடம்... காலி.

அந்த அறைக்கு ஒரே சாவிதான். நான்கு நாளும் அது அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை.