ஆறு கோழிகளும் அக்காவைப் பெண் பார்த்த நாளும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமா ஆறு கோழிகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி அவர். எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு பண்ணையிலிருந்து முட்டை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குமாரபாளையம் வழியாகப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். வெறுங்கையோடு வந்தால் அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பதால் ஓடு கீறிய முட்டைகளை ஒரு அட்டையில் அடுக்கிக் கொண்டுவருவது வழக்கம். அந்த முறை முட்டைகளை விட்டுவிட்டு, முட்டை போடுகிறவற்றையே கொண்டுவந்துவிட்டார்.

பண்ணையில் வயதாகிவிட்டதென்று கழித்த வெள்ளைக் கோழிகள் அவை. கழுத்தில் இறகு உதிர்ந்து, கொண்டை வெளிறி, பார்க்கப் பாவமாக இருந்தன. கறிக்கடைக்குப் போக வேண்டியவற்றில் ஆறை மட்டும் மாமா கேட்டு வாங்கியிருந்தார். கூண்டுக் கம்பியிலேயே நின்று வளர்ந்தவை என்பதால் மண்ணில் இறக்கிவிட்டதும் ஒன்றுக்கும் நடக்கத் தெரியவில்லை. சுடுகிற தரையில் நிற்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தன. கோழிக்குச் சீய்க்கத் தெரியாமல் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. இரண்டு நாள் அவற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரல்களை மடக்கி மண்ணைப் பறித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் ஒரு கோழி என்னைப் பார்த்துவிட்டு, யோசித்து, காலால் ஒரு கீறு கீறியது. அந்த நிமிஷத்திலிருந்து அவை என் கோழிகள்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். தறிப்பட்டறையில் கிடந்த பழைய மரச்சட்டங்களை அறுத்து, வலைக்கம்பி அடித்து, கொல்லைச் சுவரை ஒட்டிக் கூண்டு செய்து கொடுத்தார். கூண்டுக்கு வேறு இடம் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கிற கல், ஒரு பக்கம் கறிவேப்பிலை மரம், அவ்வளவுதான் எங்கள் கொல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் சமையலறை ஜன்னல். சொந்தத்தில் பெரியம்மா இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், அம்மாவைவிட மூத்தவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவேன்.

பத்து நாளில் நாற்றம் வந்துவிட்டது. முதலில் காலையில் மட்டும். அப்புறம் நாள் முழுக்க. பெரியம்மா நல்ல மனுஷி. எடுத்ததும் சண்டைக்கு வரவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தார். ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு சமைத்தார். கடைசியில் ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"ஏம்மா, ரண்டு வாரத்துல எம் புள்ளயப் பாக்க பரமத்தி வேலூர்ல இருந்து வாராங்க. அதுக்குள்ள ஒண்ணு நாத்தம் போவோணும், இல்லீன்னா கோழி போவோணும். நான் வேற என்ன சொல்றது சொல்லு."

அன்று மாலையே அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருவதற்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பது. நாற்றம் அடங்காவிட்டால் கோழிகள் கறிக்கடைக்கு. நான் அன்று சாப்பிடவில்லை. அதற்கடுத்த வேளை சாப்பிட்டேன், ஏனென்றால் பட்டினி கிடந்தால் கூண்டைக் கழுவத் தெம்பிருக்காது என்று தோன்றியது.

பெரியம்மாவின் ஒரே மகள்தான் பெண் பார்க்க இருந்த அக்கா. நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துமுடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். கோழித் தீவனத்தையும் கோழி நோயையும் சோதிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலையும் கிடைத்திருந்தது. முதலில் கல்யாணம், வேலையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் அப்புறம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம். எல்லாம் எங்கள் காதில் விழுந்ததுதான். ஒரு செங்கல் சுவர்தானே நடுவில்.

நாற்றத்தை ஒழிக்க நாங்கள் செய்யாத வேலையில்லை. அம்மா பினாயில் ஊற்றினாள். கோழிகள் தும்மின. சாம்பிராணி போட்டாள். நாற்றத்தோடு சாம்பிராணியும் சேர்ந்து, சாமியறைக்குள் கோழி அடைத்ததுபோல ஆகிவிட்டது. அம்மாவின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துப்போய் நான் ஆறு கோழிகளுக்கும் பூசினேன். ஏற்கெனவே வெள்ளையாக இருந்தவை என்பதால் வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை. அப்பா தன் பங்குக்குத் தறியில் மிஞ்சிய கழிவு நூலை ஒரு மூட்டை கொண்டுவந்து கூண்டில் பரப்பினார். மெத்தைபோல இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் கோழிகளின் கால்களில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக நூல் சுற்றி, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, ஆறும் ஒரே திசையில் மட்டும் நடக்க முடிந்த நிலையில் நின்றன. நானும் அம்மாவும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நூல் வெட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. உறிஞ்சிய ஈரத்தை அந்த நூல் விடவும் இல்லை. நாற்றம் இரண்டு மடங்காகியது.

மிச்சமிருந்தது தண்ணீர்தான். காலையும் மாலையும் கூண்டைக் கழுவினேன். அதில் எனக்கு உதவிக்கு வந்த ஒரே ஆள் அக்கா. பெரியம்மா பார்க்காத நேரமாகச் சுவருக்கு மேலே நிறைகுடத்தை நீட்டுவாள்.

"நல்லா ஊத்தி உடு சாமி. மூலையெல்லாம் நனையோணும்" என்பாள்.

"போதுங்க்கா, சேறாவுது."

"சேறானாத்தான் அழுக்கு கெளம்பும். இந்தா, இன்னொரு கொடம்."

எத்தனை நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன். தன்னைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில் என் கோழிகள்மேல் இவ்வளவு அக்கறை. கழுவக் கழுவ நாற்றம் ஏறிக்கொண்டே போனது. கூண்டருகே போனால் கண் எரிந்தது. நான் போதுமான அளவு கழுவவில்லை என்பதுதான் காரணம் என்று நம்பி இன்னும் கழுவினேன்.

சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கும்போது தெருக் குழாய்களில் தண்ணீர் வருவது நின்றுபோனது. ஆற்றிலிருந்து வருகிற பெரிய குழாய் எங்கோ உடைந்துவிட்டதாம். பாலத்தில் ஏறினால் காவிரி தெரியும். குழாயைத் திறந்தால் காற்று வரும். லாரியில் வந்த நாலு குடம் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருந்தது. கோழிகளுக்குச் சின்னக் கிண்ணத்தில் குடிக்கத் தண்ணீர் வைத்தேன். கழுவுவதற்குச் சொட்டுக்கூட இல்லை. சுவருக்கு மேலே குடமும் வரவில்லை. இனி கறிக்கடைதான் என்று கறிவேப்பிலை மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

வெயில் காய்ந்த காய்ச்சலில் இரண்டாம் நாள் கூண்டுத் தரை வெடித்தது. மூன்றாம் நாள் எச்சமெல்லாம் கெட்டியாகி, கோழிகள் சீய்க்கச் சீய்க்க மண்ணோடு பொடிந்து போயிற்று. நான்காம் நாள் காலையில் பெரியம்மா தன் சமையலறை ஜன்னலைத் திறந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கோழிய வித்துப்போட்டீங்களா?"

அம்மா ஓடிவந்தாள். நான் ஓடிவந்தேன். இரண்டு பேரும் கூண்டு வாசலில் நின்று மூச்சை இழுத்தோம். காய்ந்த மண் வாசனை வந்தது. கொஞ்சம் இறகு வாசனை. வேறொன்றும் இல்லை. ஆறு கோழிகளும், விற்றுவிட்டீர்களா என்று கேட்டது காதில் விழுந்ததுபோல, கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா பழக்க தோஷத்தில் வாளியோடு கூண்டுக்குப் போனாள். நான் குறுக்கே கையை விரித்து நின்றேன்.

"ஊத்தாதீங்க்மா. தண்ணி பட்டாத்தான் நாறுது."

"கழுவாம உட்டா எப்புடிடீ நாத்தம் போவும்?"

"கழுவாம உட்டுத்தானே போயிருக்குது."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். என் ஒன்பது வருஷ வாழ்க்கையில் அவள் என் பேச்சைக் கேட்டு ஒரு வேலையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. விஷயம் அப்பாவுக்குப் போனது. செக்குக்காரரிடம் சொல்லி நிலக்கடலைத் தோல் இரண்டு மூட்டை கொண்டுவந்து கூண்டில் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டினார். மழை வந்தால் சாரல் படாமல் கூரைத் தகரத்தை இன்னும் ஒரு முழம் இழுத்துவிட்டார். கோழிகள் தண்ணீரைத் தட்டிவிடாதபடி கிண்ணத்தை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றிவைத்தோம். தினமும் காலையில் ஒரு குச்சியால் தோலைக் கிளறிவிடுவதும், கட்டியாக இருப்பதை அள்ளிக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைப்பதும் என் வேலை. சனிக்கிழமை வந்தது. அப்பா கூண்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். கூண்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். எனக்கு அது போதும்.

நான் கண்டுபிடித்ததை முதலில் சொன்னது அக்காவிடம்தான். அவளல்லவா எனக்கு உதவியவள். சுவரில் ஏறி உட்கார்ந்து, ஈரம்தான் எதிரி, காய்ந்திருந்தால் நாற்றமே கிடையாது என்று விளக்கினேன். அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"நீயாவா கண்டுபுடிச்ச?"

"ஆமாங்க்கா."

"வேற யாருகிட்டயாச்சும் சொல்லீட்டியா?"

"தெரு முச்சூடும் சொல்லீட்டேனுங்க்கா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "நீ பெரிய ஆளுதான் சாமி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோப்பும் உள்ள குடும்பம். எனக்கு இரட்டைச்சடை போட்டு, தட்டு எடுத்துக் கொடுக்க அம்மா பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் பரிமாறினார்கள். அக்கா பட்டுச்சேலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சுவருக்கு எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கோழி முட்டையிட்ட சந்தோஷத்தில் கொக்கரித்தது.

"பக்கத்துல கோழி வளக்கறாங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாத்தமே இல்லீங்களே."

பெரியம்மா பெருமையோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா பெருமையோடு என்னைப் பார்த்தாள். அப்போது அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"ஈரம் படாம வெச்சிருக்குதுங்க இந்தப் புள்ள" என்று மெதுவான குரலில் தொடங்கினாள். "ஈரம் பட்டுருந்தா இங்க உக்கார முடியாதுங்க. எச்சம் ஊறிப் போயி அதுலருந்து ஒரு காத்து கெளம்புமுங்க, அம்மோனியான்னு. மூக்குல ஏறி கண்ணு எரியும். அப்பறம் ஈ வந்து முட்ட வெக்கும். மூணு நாள்ல புழு நெளியும், வெள்ளவெள்ளயா, சேமியாவாட்ட."

மாப்பிள்ளையின் அப்பா கேசரிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அக்கா அவர் தட்டைப் பார்த்தாள்.

"எச்சம் கிட்டத்தட்ட இந்தப் பதத்துலதானுங்க இருக்கும். நெய்யி மட்டும் இருக்காது."

பெரியம்மா இரண்டு தடவை இருமினார். அக்கா நிறுத்தவில்லை. கழிச்சல் கண்ட கோழியின் எச்சம் என்ன நிறம், அதை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கரைத்துப் பார்ப்பார்கள், தான் அதை எத்தனை தடவை செய்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக மரியாதையோடு சொல்லிக்கொண்டே போனாள். என் கோழிகளைப் பற்றி இவ்வளவு பெரிய சபையில் பேசுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. என்னால் முடிந்ததையும் சேர்த்தேன்.

"அந்தப் புழுன்னா கோழிக்கு உசுருங்க. ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டுத் திங்கும்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சொல்லியும் அனுப்பினார்கள். பெண்ணுக்கு வாய் நீளமாம், ஒத்துவராதாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் சத்தம் கேட்டது. பிறகு ஓய்ந்தது. முதல் தேதியிலிருந்து வேலைக்குப் போகட்டும், அடுத்த வரன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதாகப் பெரியம்மா அம்மாவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நான் கொல்லைக்கு ஓடினேன். இவ்வளவு பாடுபட்டும் அக்காவின் கல்யாணம் கெட்டுவிட்டதே என்று அழுகை அழுகையாக வந்தது. அக்கா சுவரைத் தாண்டிக் குதித்து வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். தேம்பிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சோகம் அதிகமானால் பெரியவர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் போனதும் கூண்டுக்குள் தவழ்ந்து நுழைந்தேன். வாய் நீளம் என்பது சாக்காகத்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் மூக்குக்கு மட்டும் எட்டிய அந்த நாற்றம் எங்கிருந்து வந்திருக்கும் என்று, கடலைத் தோலை விலக்கி விலக்கி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். கோழிகள் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டன.