கம்பொங் ஸ்பூவுக்குப் போகாத அக்கா

வெள்ளி மாலை நாலரை மணிக்கு வெள்ளவத்தையில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவளுடைய ஒரே மகன் நிரோஷனுக்குக் கம்போடியாவில் கல்யாணம். போவது தாய்மாமனான நான் மட்டும். அத்தான் இறந்து ஆறு வருடம்.

"தாலி இல்லாதவள் முன்னுக்கு நிண்டு பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கவோ? நீ போட்டு வா" என்றபடி பருத்தித்துறை வடையைப் பெட்டிக்குள் திணித்தாள். கம்போடியாவின் கெமர் இனத்து மருமகளைப் பிடிக்காமல்தான் அக்கா போகவில்லை என்று கொட்டாஞ்சேனைச் சொந்தங்கள் கதை கட்டிவிட்டன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கோலாலம்பூரில் விமானம் மாறி, சனி காலை பத்து மணிக்குப் புனோம் பென். அங்கிருந்து கம்பொங் ஸ்பூ நாற்பத்தெட்டுக் கிலோமீற்றர், வாடகைக் காருக்கு முப்பது டொலர். மழை இருட்டில் வழி நெடுக ஆடைத் தொழிற்சாலைகள். அதில் ஒன்றில்தான் நிரோஷன் மேற்பார்வையாளன். மணப்பெண் போபாவுக்கும் அங்கேதான் வேலை. போபா என்றால் பூவாம். "மாப்பிள்ளையின் அம்மா எங்கே?" என்று சாரதி அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான். சுகமில்லை என்று பொய் சொன்னேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மாப்பிள்ளை ஊர்வலம். இரண்டிரண்டு பேராகப் பழத்தட்டு ஏந்திப் பெண் வீட்டுக்கு நடக்க வேண்டும், முன்னால் மாப்பிள்ளையின் பெற்றோர். எங்கள் பக்கத்தில் நானும், அவனோடு வேலை செய்யும் ஆறு இலங்கையரும்தான். எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நடக்கச் சொன்னார்கள்.

"அது அம்மாவுக்கு, மாமா" என்றான் நிரோஷன்.

பிறகு முடி வெட்டும் சடங்கு. கத்தரிக்கோலைத் தலைமுடியில் படாமல் அசைப்பதோடு சரி. முதலில் வந்தவள் போபாவின் தாய். அவளும் விதவை என்று அப்போதுதான் அறிந்தேன். தம்பதிகள் வட்டமாக இருந்து விளக்கைக் கைமாற்றும் சடங்கில் அவள் ஒதுங்கித்தான் இருந்தாள். விதவையை விலக்கும் வழக்கம் அங்கும் உண்டு. ஆனால் மணமக்களின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டி வாழ்த்த அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கட்டி முடித்ததும் ஒரு நூலை என் கையில் வைத்து ஏதோ சொன்னாள்.

"என்ர அம்மா கட்ட வேண்டிய பங்காம்" என்றான் நிரோஷன். "மூண்டு நாள் கையில கிடக்க வேணும். பிறகு அவிழ்க்கலாம், வெட்டக் கூடாது."

மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பது அங்கே வழமை. எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தாருக்கு இது புதினமில்லை. செவ்வாய் காலை ஆறு மணிக்கே புதுத் தம்பதி ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டார்கள். மாமியார் சோறு கட்டிக் கொடுத்தாள். அவளை "மாக்" என்று கூப்பிட்டான் நிரோஷன். அம்மா என்று அர்த்தமாம். அதை மட்டும் அக்காவிடம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே விமானம் ஏறினேன்.

புதன் மாலை வெள்ளவத்தை. அக்கா ஃபோனில் படங்களைப் பார்த்தாள். போபாவின் தாய் தனியாக நின்று நூல் கட்டும் படத்தில் நின்றுவிட்டாள்.

"இந்த மனுசியும் என்னைப் போலயோ?"

"ஓம்."

"முன்னுக்கு நிண்டவவோ?"

"முதல் நூல் கட்டினது அவதான்."

அவளுடைய நூலைக் கொடுத்து, மூன்று நாள் விஷயத்தையும் சொன்னேன்.

"அவன்ர மணிக்கட்டு இப்ப எவ்வளவு பருமன்?"

விரல்களை வளைத்துக் காட்டினேன். அந்த அளவுக்கு நூலை வளைத்து முடிச்சுப் போட்டாள். "அடுத்த முறை போகேக்க இதைப் போட்டுவிடு."

"அப்பிடிப் போடேலாதக்கா. கட்டுறவதான் வரவேணும்."

கடற்கரை ரயில் கடந்து போனது. அவள் நகத்தால் முடிச்சை அவிழ்த்து, நூலை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"மூண்டு நாள் கிடக்க வேணுமெண்டு சொன்னனி" என்றாள். "என்ர முடிச்சு மூண்டு நிமிசமும் கிடக்கேல்ல."