லோத்குண்டாவில் ஐந்தாவது பெசரட்டு

பிப்ரவரியில் ஒரு மதியம், சென்னை அலுவலகத்தில் நான் பேசிக்கொண்டிருந்த குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல எனக்கே கேட்டது. "உங்க இஷ்டம் சார்" என்று அது சொன்னது. யார் இவள் என்று இருந்தது. சில மாதங்களாகவே இப்படித்தான். சிரிக்கிறேன், சமைக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாவற்றையும் நானே தள்ளி நின்று பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் என்னைப் புனே கிளைக்கு மேலாளராகப் போகச் சொன்னார்கள். இரண்டு முறை "வேண்டாம் சார்" என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கணவருக்கு ஏகப்பட்ட பெருமை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் வியாழன் மாலை ரயிலேறித் செகந்திராபாத் லோத்குண்டாவில் இருக்கும் தம்பி முரளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். கொள்ளுத்தாத்தா ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்ட குடும்பம். கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது.

மூன்றாம் வகுப்பு ஏசி, 1,125 ரூபாய். காலை 7.10க்கு வர வேண்டிய வண்டி 7.50க்கு வந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே லோத்குண்டா வழியாகப் போகும் டவுன் பஸ் கிடைக்கும். சுமார் பத்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம். இங்கே பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று தெரிந்து ஆதாரை நீட்டினேன். கண்டக்டர் முகவரியைப் பார்த்தார். "மீதி மெட்ராஸா? டிக்கெட் தீஸ்கோவாலம்மா" என்றார், உங்க ஊர் மெட்ராஸா, டிக்கெட் எடுக்கணும்மா என்று தெலுங்கில். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தானாம். முப்பது ரூபாய். கல்லூரிக் காலம் முழுக்கத் தொங்கிக்கொண்டு போன தடத்தில் நான் வெளியூர்க்காரி! கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திருமுல்கேரி ராணுவச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன்.

முரளியின் மனைவி ஷோபா பெசரட்டு சுட்டுக்கொண்டிருந்தாள். பச்சைப்பயறு தோசை, நடுவில் வெங்காயம், தொட்டுக்கொள்ள இஞ்சிச் சட்னி. எங்கள் தெருத் தமிழ் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, விருந்துக்குப் போகிறவர்கள் கவனிக்கவும். "வேணாம்" என்று தமிழில் சொன்னால் அது மரியாதைக்கு. பரிமாறுகிறவர் காதிலேயே வாங்க மாட்டார். நிஜமாகவே வேண்டாமென்றால் "நக்கோ" என்று ஊர் உருதுவில் சொல்ல வேண்டும். உடனே கரண்டி நின்றுவிடும்.

இது எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது. மூன்றாவதுக்கும் "வேணாம் ஷோபா", நான்காவதுக்கும் "வேணாம் ஷோபா". ஐந்தாவது பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கைக்குக்கா அழற? காரமா?" என்றான் முரளி. 'கைக்கு' என்றால் ஊர் உருதுவில் 'ஏன்'.

"போதும்டா. அப்பவே போதும்."

"அப்ப நக்கோன்னு சொல்றதுதானே? வேணாம் வேணாம்னா அவ எப்படி நிறுத்துவா?"

"ஹவ், ஆமாக்கா, நீங்க சும்மா சொல்றீங்கன்னுல்ல நினைச்சேன்" என்று ஷோபா பதறினாள்.

"சென்னையில அதச் சொன்னா யாருக்குடா புரியும்?"

"புரியலன்னா அர்த்தம் சொல்லு. அதுக்கு எதுக்கு இவ்ளோ சீன்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. புகுந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள் என்று அந்தச் சொல்லைக் கைவிட்டவள் நான்தான். மிச்சம் இருந்தது மரியாதை "வேணாம்" ஒன்றுதான். அதை மற்றவர்கள் நம்பாதது பெரிய விஷயமில்லை. பதினெட்டு வருடத்தில் நானே அதை நம்புவதை விட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை 11.20. நானும் முரளியும் அல்வால் மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம் (மூன்று கிலோமீட்டர், 60 ரூபாய், பேரம் பேசினால்). என் மேலதிகாரி அழைத்தார்.

"மேடம், திங்கட்கிழமை ரெடிதானே?"

"நக்கோ" என்றேன். நான் யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது.

"என்ன மேடம்?"

"எனக்குப் புனே வேண்டாம் சார். முன்னாடி ரெண்டு தடவை சொன்னதும் நிஜமாத்தான் சொன்னேன்."

குரல் பக்கத்து அறையில் இல்லை, என் தொண்டையில்தான் இருந்தது. பேச்சில் அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சஹி போலே மேடம்", சரியாச் சொன்னீங்க என்று தலையாட்டினார். முரளி மட்டும், "அத்தான்கிட்ட நீயே சொல்லிக்க. என்னை மாட்டிவிடாத" என்றான்.

சொன்னேன். போனில் என் கணவர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, இருக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி நல்ல மாதம், மார்ச் கடைசியில் வெயில் கொளுத்தும். போக வர ரயில், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு 2,400க்குள் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் 220 கேட்பார்கள். முக்கியமாக, என்னைப் போல உங்களை நீங்களே தள்ளி நின்று பார்ப்பது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். பெசரட்டு மருந்தல்ல. எனக்கும் அது இன்னும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. நானும் அடுத்த வாரம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை நான் கிளம்பும்போது, ஷோபா பாட்டிலில் கோங்குரா ஊறுகாய் அடைத்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், "வேணாம் ஷோபா" என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "நிஜ வேணாமா, சும்மா வேணாமாக்கா?"

ஒரு நிமிடம் யோசித்தேன். தெரிந்தது.

"சும்மாதான். நிறைய வை."