கொலையாளியை மாற்றிய படம்

படம் பார்த்த அன்றைக்குக் கங்காணி இருந்தார். அவர் வீடு, அவர் டிவி. அதனால் நாற்காலியில் இருந்தார். கங்காணியின் மனைவி இருந்தார், தேத்தண்ணிச் சட்டியோடு. எங்களோடு தேயிலைக் கொழுந்து பறிக்கிற அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா பேசுவாள், தங்கை சிரிப்பாள். வாசல்படியில் என் வீட்டுக்காரர், பாதி உள்ளே, பாதி வெளியே. சுவரோரம் அப்பு மகள். கடைசியில் நான்.

எங்கள் தோட்டத்தில் அப்பு என்றால் பங்களாவில் சமைக்கிறவர். அவள் அப்பா பெரிய பங்களாவில் அப்புவாக இருந்தவர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துரையின் கைக்கடிகாரம் காணாமல் போனது. லயத்து வரிசையில் அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள் புகுந்து தேடினார்கள். தேடப் போனவர்களில் எங்கள் கங்காணியும் ஒருவர். அப்போது அவர் கங்காணி ஆகவில்லை. அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தார்கள். கடிகாரம் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் அப்புவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் மலையில் புல் வெட்டினார். புல் வெட்டியே செத்தும் போனார். தண்ணிப் பைப்படியில் சண்டை வந்தால் இன்றைக்கும் அவளை 'கடிகாரக்காரர் மகள்' என்கிறார்கள்.

இனி புத்தகம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஹட்டனில் நடைபாதையில் பழைய புத்தகம் குவித்து வைத்திருந்தார்கள். கடைசிப் பக்கம் கிழியாமல் இருந்தது ஒன்றுதான். அதனால் அதை எடுத்தேன். துப்பறியும் கதை. ஒரு பணக்காரர் பாலில் விஷம் குடித்துச் சாகிறார். எல்லாரும் சமையல்காரனைச் சந்தேகப்படுகிறார்கள். துப்பறிகிறவர் மட்டும் சந்தேகப்படவில்லை. ஒல்லியான மனுஷன். சிரிக்க மாட்டார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கடைசியில் விஷம் வைத்தது குடும்ப டாக்டர் என்று காட்டுகிறார். சமையல்காரனை விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்துக்கு மழைக்காலம் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். வேறு புத்தகம் தேடவில்லை.

பிறகு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே அதைச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் யாருக்கு எந்தத் தேயிலை நிரை என்று கங்காணிதான் பிரித்துக் கொடுப்பார். எனக்கு நடு நிரையைக் கொடுத்தார்.

"கதை சொல்ற வாய் நடுவுல நிக்கட்டும். ரெண்டு பக்கமும் கேக்கணும். கையும் ஓடணும், சொல்லிட்டேன்" என்றார்.

நடு நிரை நல்ல நிரை. ஓரத்தில் நின்றால் புல்லுக்குள்ளிருந்து அட்டை காலில் ஏறி இரத்தம் குடிக்கும். ஒரு கதைக்காக நடு நிரை கிடைத்தவள் எங்கள் மலையில் நான்தான்.

சொல்லும்போது கொஞ்சம் மாற்றினேன். பட்டணத்து வீடு என்றால் இவர்களுக்கு என்ன தெரியும்? பங்களா ஆக்கினேன். சமையல்காரனை அப்பு ஆக்கினேன். இன்ஸ்பெக்டரை ஹட்டனிலிருந்து வரவழைத்தேன். துப்பறிகிறவர் டிக்கோயாவிலிருந்து மழையில் நடந்தே வந்தார். வழியில் அவரை அட்டை கடித்தது. புத்தகத்தில் அட்டை இல்லை.

அப்பு மகள் கங்காணியிடம் கேட்டு என் பக்கத்து நிரைக்கு வந்தாள். டாக்டர், இன்ஸ்பெக்டர் யாரைப் பற்றியும் அவள் கேட்பதில்லை. தினமும் ஒரே கேள்வி.

"அப்புவ விட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"சரி."

நானும் இழுத்தேன். தீபாவளிக்கு முன்னால் விடுவிக்கலாம் என்று இருந்தேன். நடு நிரை யாருக்குக் கசக்கும்?

அப்போதுதான் அந்த அக்காக்காரி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"யக்கா, நீ சொல்ற கதை படமா வந்திருக்கு! யூடியூப்ல கெடக்கு. அந்தக் காலத்துப் படம். பேரு அதேதான். புத்தகத்த வச்சு எடுத்ததுன்னு மொதல்லயே போடுறான்."

எல்லாரையும்விட நான்தான் சந்தோஷப்பட்டேன். கங்காணி வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுவது என்று முடிவானது. அப்பு மகளிடம் நானே போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு அப்புவ விட்டுருவாங்க. கண்ணாலயே பாத்துக்க."

அவள் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

படம் கறுப்பு வெள்ளை. துப்பறிகிறவர் குண்டாக இருந்தார். தான் பேசியதற்குத் தானே சிரித்தார். கூட ஒரு எடுபிடி. அவன் தொப்பியைத் தொலைத்துத் தொலைத்துத் தேடினான். படத்தில் பெரும்பாலான துப்பு அந்தத் தொப்பியைப் பற்றியது.

"பங்களா எங்கக்கா? இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள் அக்காக்காரி.

"அட்டையையும் காணோம்" என்று தங்கை சிரித்தாள்.

"துப்பறியிறவரு வந்ததுலேருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்காரே, எப்பதான் துப்பறிவாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்கப்பா. பாட்டு வருது" என்றார் கங்காணி.

பாட்டோடு டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் குழாய். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பாடினார். கூட ஒரு பெண்ணும் சுற்றினாள். நோயாளி ஒருவரைக்கூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை. கொலைகாரன் முகத்தில் யாரும் இவ்வளவு வெளிச்சம் அடிக்க மாட்டார்கள்.

கடைசியில் எல்லாரையும் கூடத்தில் நிறுத்தினார்கள். துப்பறிகிறவர் விரலைத் தூக்கினார். உடனே சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. ஒரு பெண் தன் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அப்பு மகள் சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

விரல் சமையல்காரனைக் காட்டியது.

சம்பளம் கூட்டிக் கேட்டானாம். முதலாளி மாட்டேன் என்றாராம். அதற்காகப் பாலில் விஷம் வைத்தானாம். அவன் தோளில் கிடந்த துண்டாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். விலங்கு போட்டார்கள். டாக்டருக்குக் கல்யாணம் நடந்தது. இன்னொரு பாட்டு வந்தது.

கங்காணியின் மனைவி தேத்தண்ணி ஊற்றினார். அக்காக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னமோ அப்பு பாவம், அப்பு பாவம்னு சொல்லிக்கிட்டிருந்த? பாத்தியா வேலைய?"

"புத்தகத்துல டாக்டர்தான்."

"போக்கா. அவ்வளவு அழகா பாடுறவரு வெசம் வைப்பாரா?"

"அந்தப் புத்தகம் எழுதினவருக்குத் தெரியாதா?" என்றேன்.

"எழுதினவருக்கு என்ன செலவு? ஒரு பேனா. படம் எடுக்கிறவன் காசு போட்டு எடுக்கிறான். அவன் நல்லா விசாரிச்சுத்தான் எடுத்திருப்பான்" என்றாள் அக்காக்காரி.

என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு, "எனக்கென்ன தெரியும், எல்லாரும் ஆட்டுனாங்க" என்றார்.

அப்பு மகள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். வாசலில் என் பக்கத்தில் நின்றாள்.

"விட்டுருவாங்கன்னு சொன்னீங்களே, அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் கங்காணி எனக்கு ஓர நிரையைக் கொடுத்தார்.

"கதைதான் முடிஞ்சிருச்சே, புள்ள."

"முடியல, கங்காணி."

அவர் அடுத்தவளுக்கு நிரை காட்டினார். நான் ஓரத்தில் நின்று பறித்தேன். அட்டை ஏறியது. இந்த அட்டை நிஜம்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். நான் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தேன். புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தேன். கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். பங்களா இல்லாமல், ஹட்டன் இல்லாமல், அட்டை இல்லாமல், உள்ளது உள்ளபடி படித்தேன். டாக்டர் ஒப்புக்கொள்கிறார். சமையல்காரன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறான். அதோடு கதை முடிகிறது.

"அச்சடிச்சா ஆச்சா?" என்றாள் அக்காக்காரி. "வெலங்கு போட்டத நாங்க கண்ணால பாத்தோம்ல?"

"அழுதான்ல" என்றாள் தங்கை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. "செய்யாதவன் ஏன் அழணும்?"

அப்பு மகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வைக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் பேசித் தீராததைக் கை தூக்கித் தீர்ப்போம். கோயில் திருவிழா எந்தக் கிழமை என்பதற்கும் கை. வேலைநிறுத்தம் வேண்டுமா என்பதற்கும் கை. கை தூக்கி முடித்துவிட்டால் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அதனால் அக்காக்காரி எழுந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

"அப்புதான் செஞ்சாருங்கிறவங்க கை தூக்குங்க."

படத்துச் சமையல்காரனை அவளும் அப்பு என்றுதான் சொன்னாள். அந்தப் பெயரை வைத்தது நான்.

ரோட்டோரம் நெடுகக் கை எழுந்தது. படம் பார்க்காதவர்களும் தூக்கினார்கள். பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிகாரத்தையும் லயத்தில் யாரும் பார்த்ததில்லை.

"போதும், எறக்குங்க. டாக்டருதான்னு சொல்றவங்க?"

நான் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் விரலில் ஒட்டியிருந்த கொழுந்துக் கறையைச் சுரண்டினாள்.

அப்பு மகள் ரொட்டியை டப்பாவில் வைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் கையைத் துடைத்தாள். பிறகு தூக்கினாள்.

"அவ்வளவுதானா? சரி, முடிஞ்சு போச்சு" என்ற அக்காக்காரி ரோட்டைப் பார்த்து நிறுத்தினாள். "கங்காணி, ஒங்களுக்கு இதுல கை இல்ல. ஒங்க வேலைய பாருங்க."

கங்காணி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையைத் தூக்கியிருந்தார். குடை அந்தக் கையிலேயே இருந்தது.

"எண்ணு" என்றார். திரும்பவில்லை.

அக்காக்காரி எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

மூன்று.