அக்காவின் கை எட்டியது

காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை பார்க்க ஏன் வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், தொண்டு செய்யத்தான் என்று சொல்லிவிடுவேன். சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் நம்பிவிடுகிறார்கள். உண்மையான காரணம் ஆம்பூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நடந்தது.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. ஆனால் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா வீடு திரும்புவதை முதலில் அறிந்துகொள்பவள் அவள்தான். ஊறிய தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த அந்த வாசனை தெருமுனைக்கு வந்ததுமே கதவைத் திறந்துவிடுவாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே தீருவது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். ராணிப்பேட்டையிலிருந்து புது வாத்தியார் வந்திருந்தார். அவருக்கு எங்களைத் தெரியாது என்பதுதான் அம்மாவின் தைரியம்.

"நீ பக்கத்துலயே நின்னுக்கோ. ஐயா இன்னா கேட்டாலும் நீயே சொல்லிடு. அவ வெக்கப்படுறான்னு நான் சொல்லிக்கிறேன்" என்று எனக்கு வழியெல்லாம் பாடம் நடத்தினாள்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளின் வயது பெற்றவர்களுக்கே சரியாகத் தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் வயது வந்துவிட்டது, சேர்த்துக்கொள்வார்கள். வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைகள் செய்வதை அக்கா கூர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். தன் முறை வந்ததும் கையை வளைத்து, காதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். வாத்தியாருக்கே சந்தோஷம்.

"பேர் இன்னாம்மா?" என்றார். நான் சொன்னேன்.

"உன்னைக் கேக்கல."

"ரொம்ப வெக்கங்க ஐயா" என்றாள் அம்மா.

வாத்தியார் எழுந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் ஓங்கிக் கை தட்டினார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா திரும்பவில்லை. போதும் என்று யாரும் சைகை காட்டாததால், அவள் இன்னும் காதைப் பிடித்தபடியே நின்றாள்.

அவர் கெட்டவர் இல்லை. "இந்தப் பொண்ணுக்கு நான் எப்படிச் சொல்லித்தருவேன், நீயே சொல்லும்மா" என்றார். அவருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. வந்ததற்கு என்னையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா கெஞ்சினாள். என் கை காதை எட்டவே இல்லை. "வாயாடி, பொழச்சிக்கும்" என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நான் பலகையோடு கிளம்பியபோது அக்கா வாசலில் வழிமறித்து நின்று, கையை வளைத்துக் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மறு கையால் மறு காதை. இது தினமும் நடந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. நானும் எட்டாத கையை வளைத்து ஆட்டம் காட்டிவிட்டு ஓடுவேன்.

ஒருநாள் அவள் என்னை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அம்மாவின் எதிரில் என் கையைத் தலைமேல் வளைத்து வைத்தாள். என் விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தன் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு தன் கையை அதேபோல் வளைத்துக் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அக்கா கேள்வி கேட்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. கூச்சமாக இருந்ததால் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன்.