கிளி தொங்கிய குருத்தோலை

தவக்காலத்தில் எதையாவது விட வேண்டும். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு சர்ச்சை விட்டு வெளியே வந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே அதுதான். ஒருவர் சீனி போட்ட தே தண்ணியை விடுவார். இன்னொருவர் கைப்பேசியில் நாடகம் பார்ப்பதை விடுவார், மூன்றாம் நாள் என்ன கதை என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார். போன வருடம் நான் பெருமை அடிப்பதை விட்டேன்.

"நாற்பது நாளைக்கு என் வாயிலேருந்து ஒரு பீத்தல் வராது, பாத்துக்கிட்டே இருங்க. இந்த மெர்லிமாவ்ல என்னை மாதிரி விரதம் இருக்க ஒருத்தராலயும் முடியாது" என்று கார் நிறுத்துகிற இடத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. நெற்றிச் சாம்பல் அப்போதுதான் மூக்கில் உதிர ஆரம்பித்திருந்தது.

நான் மெர்லிமாவ் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். காலையில் ஐந்தரை மணிக்கே ஹாரன் அடித்து அடித்து, அடக்கமாகப் பேசுகிற பழக்கமே எனக்கு வரவில்லை. இது காரணம் அல்ல, சாக்கு. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமும் இதையே சொன்னேன். அவரும் சாக்கு என்றுதான் சொன்னார்.

ஆனாலும் நாலு வாரம் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போனேன், முழங்கால் வலித்தபோதும் வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லாததைப் பற்றி மட்டும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் சர்ச்சில் கூட்டம். வருடா வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கொடுத்துக்கொண்டிருந்த கம்போங் பாக்சிக், பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெரியவர், இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டாராம். குருத்தை வெட்டினால் மரம் கெடுகிறது என்றாராம், நியாயம்தான். எங்கள் கமிட்டிக்குத் தலைவியான அக்கா, கடையில் பிளாஸ்டிக் ஓலை விற்கிறது, ஒருமுறை வாங்கினால் வருடா வருடம் துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"பிளாஸ்டிக்கா? ஆண்டவர் கழுதை மேல வர்றாரு, நம்ம பிளாஸ்டிக்க ஆட்டிக்கிட்டு நிக்கிறதா? நான் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவ லா. எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னால தென்னமரம் வரிசையா நிக்குது. விடுங்க, இது என் பொறுப்பு."

"கிடைக்கலன்னா?" என்றார் அக்கா.

"கிடைக்கலன்னா மெர்லிமாவ் பாசார் நடுவுல நின்னு தோப்புக்கரணம் போடுறேன்."

ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் நிதானமாக அதை மீட்டிங் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். தோப்புக்கரணம் என்ற வார்த்தை உட்பட.

சனிக்கிழமை காலை அரிவாளும் கயிறுமாக வேனை எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடியே நியாலாஸ் பக்கம் போனேன். எங்கள் சர்ச் சின்னது. ஒரு நல்ல குருத்தைப் பிரித்தால் எல்லோர் கைக்கும் ஒவ்வோர் ஓலை வந்துவிடும். ஒரு மரம் போதும் எனக்கு. அங்கே பதினோரு மரம்.

லயத்துக்குப் பின்னால் போய் அண்ணாந்து பார்த்தேன். பாட்டு நின்றுவிட்டது. பதினோரு மரத்திலும் உச்சியில் குருத்தே இல்லை. எல்லாம் அப்போதுதான் வெட்டப்பட்டிருந்தது, வெட்டுவாய் கூடக் காயவில்லை.

சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. ஓலைக்கா பஞ்சம்? ஆனால் அந்த மட்டையின் முள்ளோடு ஊர்வலம் போனால் ஓசன்னாவுக்குப் பதில் ஐயோ ஐயோ என்றுதான் சத்தம் வரும். நான் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை அத்தனை பேரும் வெறும் கையோடு நிற்கப்போகிறார்கள். நடுவில் அக்கா அந்தப் புத்தகத்தோடு நிற்பார். ஏசுவே, இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று சத்தமாகவே கேட்டேன்.

அப்போதுதான் தோட்டத்துக் கோயில் பக்கமிருந்து மைக் டெஸ்டிங் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், என் பதினோரு குருத்தும் கோயில் மண்டபத்தில் கிடந்தன. சுற்றி இருபது முப்பது பேர் உட்கார்ந்து தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பங்குனி உத்திரக் காவடி.

நாற்பது நாளாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இந்த நாள் மட்டும் நினைவில் இல்லை.

அலங்காரத்துக்குப் பொறுப்பு ஒரு லாரி ஓட்டும் அண்ணன். சின்ன வயதில் எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தவர். "என்னா தங்கச்சி, அரிவாளோட வந்திருக்க?" என்றார். கையில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பின்னால் மறைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். தோப்புக்கரணத்தையும் மறைக்கவில்லை. மண்டபமே சிரித்தது.

அண்ணன் மட்டும் வானத்தைக் காட்டினார். "உங்க பெரிய வாரமும் எங்க பங்குனி உத்திரமும் அனேகமா ஒரே பௌர்ணமியத்தான் சுத்திக்கிட்டு வரும் தங்கச்சி. வருசா வருசம் இப்படித்தான். ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு எனக்குத் தோன்றவே இல்லை, மரங்கள் என்னுடையவை போல நினைத்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, "அண்ணே, தப்பு என் மேலதான். ஒரே ஒரு குருத்து குடுங்கண்ணே" என்று கேட்டேன். முகம் சுட்டது.

அண்ணன் ரோட்டைப் பார்த்தார், கோயில் வாசலைப் பார்த்தார். "தோரணத்த மெயின் ரோட்லேருந்து கட்டுறதா இருந்துச்சு. ரோடு வளையுற எடத்துலேருந்து கட்டிக்குவோம். ஒரு குருத்து மிச்சம். ஆனா சும்மா தர மாட்டேன். உக்காந்து எங்களுக்கு மத்தியானம் வரைக்கும் தோரணத்துக்கு ஓலைக் கிளி செஞ்சு குடு."

"கிளிதானே? சின்ன வயசுல என் அளவுக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நல்லவேளை கடித்தேன். நான் மடித்த முதல் கிளி பல்லி மாதிரி இருந்தது. இரண்டாவது, வாலில்லாத பல்லி. பக்கத்தில் இருந்த பெண்கள் அதைக் கைக்குக் கை மாற்றி மண்டபம் முழுவதும் காட்டினார்கள். மானம் போகிறதே என்று, எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து காட்டினேன், ஓலையை மடித்துச் சின்னச் சிலுவை. ஒரு தடவைதான் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் என்னைவிட நேர்த்தியாக அவர்களே மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குச் சிலுவை மொட்டையாக இருப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது. "இப்ப பாருங்க, அம்சமா இருக்கு" என்று கீழே ஒரு கிளியைத் தொங்கவிட்டாள். மத்தியானம் வேனில் ஓலையோடு கிளம்பும்போது சிலுவைகளில் பாதிக்குக் கீழே கிளி தொங்கியது. இருந்த சந்தோஷத்தில் அதை அவிழ்க்க எனக்கு மனசே வரவில்லை.

ஞாயிறு காலை சர்ச் வாசலில் ஓலைக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர் சட்டென்று நின்றார்.

"இது என்ன?"

"கிளி ஃபாதர்."

அவர் அதன் மேலும் தெளித்துவிட்டு நகர்ந்தார். ஊர்வலம் கிளம்பியது. ஓசன்னா என்று கையைத் தூக்கும்போதெல்லாம் அத்தனை கிளிகளும் குதித்தன. கிளி கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களோடு பேரம் பேசினார்கள். பாடுகளின் வாசகம் எவ்வளவு துக்கமானது, அதற்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக் கண்ணீர் விட்டேன். பக்கத்தில் நின்றவர் நான் பக்தியில் அழுகிறேன் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். பூசை முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். "கிளி இன்னும் மிச்சம் இருக்கா?" என்றார்.

அன்று சாயங்காலம் லாரி அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். கோயில் வாசல் தோரணத்தில் வரிசையாகக் கிளிகள், நடுவில் ஒரு சிலுவை. அது நான் மாதிரி காட்ட மடித்தது, தவறான குவியலில் போட்டுவிட்டேன். உடனே கூப்பிட்டேன்.

"காவடி எல்லாம் அதுக்குக் கீழதான் போச்சு தங்கச்சி, ஒருத்தரும் பாக்கல. இப்பதான் பாத்தேன். உங்க சாமி சாமான், தூக்கிப் போட மனசு வரல. என்னா செய்ய?"

"உங்க கிளிக்கு எங்க ஃபாதர் தீர்த்தமே தெளிச்சிட்டாருண்ணே. நீங்களே வச்சிருங்க."

பெரிய வெள்ளிக்கு இங்கே ஸ்கூல் லீவு இல்லை. காலை வேன் ஓட்டம் முடித்து ஒருசந்தி விரதக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சிலுவையை முத்தமிடப் போனேன். சனிக்கிழமைத் திருவிழிப்பில், தவக்காலத்தில் பாடக்கூடாது என்பதால் நாற்பது நாள் வாயில் வராத அல்லேலூயாவை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததும் பாடியபோது என் குரல்தான் எல்லோரையும்விட உச்சத்தில் இருந்தது. இது பெருமை இல்லை, விரதம் முடிந்துவிட்டது. ஈஸ்டர் ஞாயிறு அன்று பிரியாணிச் சட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனோம். "நாங்களும் விரதம், நீங்களும் விரதம். பாசார்ல கோழிக்காரன்தான் பாவம்" என்று அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

இந்த வருடம், சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு, சர்ச்சில் வழக்கமான அறிவிப்பு வந்தது. போன வருடத்து ஓலைகளைக் கொண்டுவர வேண்டும், அவற்றை எரித்துத்தான் இந்த வருடத்துச் சாம்பல் எடுப்பார்கள். எங்கள் வீட்டு ஓலையைக் கூடையில் போடும்போது அண்ணனிடம் இருக்கிற சிலுவை நினைவுக்கு வந்தது. தீர்த்தம் தெளிக்காத சிலுவைதான், இருந்தாலும் சிலுவை சிலுவைதானே. அதை வாங்கி வரவும், இந்தத் தடவையாவது முன்கூட்டியே ஒரு குருத்துக் கேட்கவும் தோட்டத்துக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று வேனில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அண்ணன், வீட்டுக்குள் போய்த் தேடாமல், நேராக லயத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். பதினோரு மரத்தில் கடைசி மரம். மார்பு உயரத்தில் மஞ்சள் துணி சுற்றி, அதில் என் சிலுவை கட்டியிருந்தது. காய்ந்து பழுப்பாகிவிட்டிருந்தது, மடிப்பு மட்டும் கலையவில்லை.

"இந்த மரத்த யாரும் தொடக்கூடாதுன்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். இது சர்ச்சுக்கு" என்றார். "இத அவுத்துக்கிட்டு போனீன்னா எது உங்க மரம்னு தெரியாம போயிடும் தங்கச்சி."

அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் குருத்து நிமிர்ந்து நின்றது. சிலுவையை அவிழ்க்காமல், மஞ்சள் துணியின் முடிச்சை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை நெற்றியில் பூசிய சாம்பலில் ஒரு சிலுவை குறைவு. ஏன் என்று அக்காவிடமும் சொல்லவில்லை, ஃபாதரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை அடித்ததாகிவிடும்.