திறக்காத நிற அட்டைப் புத்தகம்

மண்ணின் நிறத்தை எழுத எங்கள் மண் ஆய்வுத் துறையில் ஒரு முறை உண்டு. அதிகாலையிலும் அந்தியிலும் எழுதக் கூடாது. கூலிங் கிளாஸைக் கழற்றிவிட வேண்டும். கட்டியைப் புதிதாக உடைத்து, தண்ணீர் தெளித்து, நிற அட்டைப் புத்தகத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே இருக்கும் ஓட்டை வழியாக மண்ணைப் பார்த்து, ஒத்துப்போகும் சதுரத்தின் எண்ணை எழுத வேண்டும். புத்தகத்தைப் பிரிக்காமல் ‘பழுப்பு’ என்று எழுதி வந்த ஒருவரை நான் மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கிராமத்துக்கு பஸ் குறைவு என்பது எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, என் மனைவியின் தம்பி தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். காட்டூரில் வீடு. ஷிப்ட் பார்த்த காலமெல்லாம் வாழைத்தோட்டம் வைக்க ஆசைப்பட்டவர். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு நிலம் விலைக்கு வந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மண் சாம்பல் நிறமாக இருந்தால் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள். மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் வடிந்துவிடும். வாழைக்கு வடிய வேண்டும். குழி வெட்டியிருந்தார்கள். நான் கட்டியை உடைத்து நனைத்தேன். பைக்குள் கையை விட்டேன். அப்போது தரகர், “இத்தனை வருஷ சர்வீஸ் சார், இன்னும் புத்தகத்தப் பாத்துதான் சொல்வீங்களா?” என்றார்.

கையை வெளியே எடுத்துவிட்டேன்.

“மஞ்சப் பழுப்பு. நல்லா வடியும். வாங்கு” என்றேன். மச்சினர் வாங்கினார்.

அடுத்த மழையில் தோட்டத்தில் நீர் நின்றது. வாழைக் கிழங்குகள் அழுகின. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வருஷமே தில்லை நகரில் எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும், ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை என்று தெரிந்தது. நான் சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன். குடும்பத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. மச்சினரே எல்லோரிடமும் சொன்னார், “அத்தானுக்குக் கண்ணுல புரை. எல்லாமே மஞ்சளாத் தெரிஞ்சிருக்கு. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்.”

நான் மறுக்கவில்லை. பாவமாக இருப்பது வசதியாக இருந்தது.

இன்னொரு கண்ணுக்கு அறுவை நடக்கும் முன் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். நல்ல கண்ணை மூடிக்கொண்டு, புரைக் கண்ணால் புத்தகத்தில் மண்ணைப் பொருத்திப் பார்த்தேன். சாம்பல் சதுரத்தோடு ஒத்துப்போனது. புரை மண்ணை மஞ்சளாக்கினால் அட்டையையும் மஞ்சளாக்கத்தானே செய்யும். புத்தகத்தைத் திறந்திருந்தால் அன்றைக்கும் சாம்பல் என்றுதான் சொல்லியிருப்பேன். கண் என்னை ஏமாற்றவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மச்சினர் லால்குடிப் பக்கம் வேறொரு நிலம் பார்த்துவிட்டு வந்தார். “இப்பத்தான் ரெண்டு கண்ணும் சரியாயிருச்சே, வந்து பாத்துச் சொல்லுங்க அத்தான்” என்றார். காட்டூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தரகர் கேட்டது, நான் கையை எடுத்தது, புரைக் கண்ணால் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அப்ப கண்ணு இல்லயா?”

“இல்ல.”

“நான் ஊரெல்லாம் கண்ணுன்னு சொல்லிட்டிருக்கேன்.”

“தெரியும்.”

காபி வந்தது. இருவரும் குடித்தோம். லால்குடி நிலத்தைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. வாங்கவும் இல்லை.

இந்த வருஷம் கொள்ளிடக் கரையில் நெல் போட்டார். அந்த மண்ணுக்கு அதுதான் சரி. அவர் என்னைக் கேட்கவில்லை. அறுவடை முடிந்ததும், “அக்காவுக்கு” என்று சொல்லி ஒரு மூட்டை அரிசியை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன். நல்ல அரிசி.